கடல்மட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்

சென்னைத் துறைமுகத்தில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குப் போகும். அதன்மேல் அலைகள் ஓயாமல் ஆடுகின்றன. பருவத்தோடு மெதுவாக நகரும் இன்னொரு ஏற்றமும் உண்டு: மார்ச், ஏப்ரலில் தாழ்ந்து கிடக்கும் கடல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். புயல் வந்தால் கணக்கே வேறு. நிலவின் பாதை சாய்வு மாறுவதால் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் ஓர் ஏற்ற இறக்கமும் இதற்குள் இருக்கிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தேடும் எண் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. 1993 முதல் உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. வீதம் உயர்ந்து வந்திருக்கிறது. மீட்டர் கணக்கில் ஆடும் ஒரு பரப்பில் மூன்று மில்லிமீட்டரைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த அளவைப் பல பத்தாண்டுகளுக்கு நம்பும்படி காப்பாற்றவும் வேண்டும்.

எந்தக் கருவி மிகத் துல்லியமானது என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது என்று நினைக்கிறேன். கடல்மட்டத்தை நேராக அளக்கும் கருவி ஒன்றுகூட இல்லை. ஒன்று மிதவையின் உயரத்தை அளக்கிறது, ஒன்று நீரின் அழுத்தத்தை, இன்னொன்று எதிரொலி திரும்பிவரும் நேரத்தை. அந்த அளவைக் கடல்மட்டமாக மாற்றுவது நாம் வைத்திருக்கும் ஓர் அனுமானம். அனுமானம் எங்கே உடைகிறது என்பதை அந்தக் கருவியால் சொல்ல முடியாது; வேறு வழியில் அளக்கும் இன்னொரு கருவிதான் சொல்ல முடியும்.

முதலில் இருந்தது ஓதக் கம்பம். அளவுக்கோடுகள் வரைந்த ஒரு மரத்தை நீரில் நட்டு, நேரம் பார்த்து ஒருவர் எழுதிவைப்பார். ஆம்ஸ்டர்டாமில் 1700 முதலும் ஸ்டாக்ஹோமில் 1774 முதலும் இப்படிப்பட்ட பதிவுகள் இருக்கின்றன. 1831இல் தேம்ஸ் முகத்துவாரத்தின் ஷீர்னஸ் துறையில் தானாகவே வரைந்துகொள்ளும் ஓதமானி நிறுவப்பட்டது. அதன் அமைப்பு எளிது. செங்குத்தான ஒரு குழாய்க் கிணறு, அதன் அடியில் சிறு துளை, உள்ளே மிதவை, மிதவையோடு கம்பியால் இணைந்த பேனா, கடிகாரத்தால் சுழலும் காகித உருளை. துளை சிறியதாக இருப்பதால் சில நொடிகளில் வந்துபோகும் அலை உள்ளே எட்டுவதில்லை. மணிக்கணக்கில் ஏறும் ஓதம் மட்டும் எட்டுகிறது. மின்சாரம் இல்லாத காலத்தில், அலையை வடிகட்டும் கணக்கை ஒரு துளையே செய்தது.

இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியா 1870களின் இறுதியிலிருந்து இத்தகைய ஓதமானிகளைத் துறைமுகங்களில் நிறுவியது. கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது இடங்களின் சராசரிக் கடல்மட்டத்தை வைத்துத்தான் 1909இல் நாட்டின் உயர அளவுகளுக்கான சுழியம் நிர்ணயிக்கப்பட்டது. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மஞ்சள் நிறத்தின்மேல் எழுதியிருக்கும் கடல்மட்டத்துக்கு மேலான உயரம் அந்த மரபில் வந்த எண். அதற்குப் பின்னால் ஒன்பது கிணறுகளும் அவற்றைப் பார்த்துக்கொண்ட ஆள்களும் இருந்தார்கள்.

அந்தக் காகிதச் சுருள்களின் மதிப்பு பிற்பாடு வேறொரு விதத்தில் தெரிந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாருக்கு அருகே பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. சுனாமி வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து சென்னை, நாகப்பட்டினம், போர்ட் பிளேர் உள்ளிட்ட துறைகளின் ஓதமானிகளில் பதிந்தது. அந்தப் பதிவுகளை வைத்து 2003இல் மொடெஸ்டோ ஒர்ட்டிஸ், ரோஜர் பில்ஹம் என்ற இருவர் நிலநடுக்கத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26 அன்று, பெரும் சுனாமி வந்தது.

கிணற்று ஓதமானிக்கும் குறைகள் உண்டு. துளையில் சேறும் சிப்பியும் அடைத்தால் கடல் ஏறுவது உள்ளே தாமதமாகத் தெரியும். துளையைத் தாண்டி வேகமான நீரோட்டம் போனால் உள்மட்டம் சற்றுத் தாழும். ஆற்று முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: கிணற்றுக்குள் தேங்கிய நீரின் உப்பும் வெளியே இருக்கும் நீரின் உப்பும் வேறாக இருந்தால் இரண்டின் மட்டமும் ஒன்றாக இருக்காது. சுனாமி போலப் பத்து, இருபது நிமிடத்தில் ஏறி இறங்கும் அலையையும் சிறு துளை ஓரளவு மழுக்கிவிடும்.

இதற்கு மாற்றாக ஒலியைக் குழாய்வழியே அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைப் பார்க்கும் கருவிகள் வந்தன. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஐந்து மீட்டர் நீளக் குழாயில் சராசரி வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாக எடுத்தால் கிட்டத்தட்ட 9 மி.மீ. பிழை. உலகக் கடல்மட்ட உயர்வில் ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கணக்கு அது. வெயிலில் நிற்கும் குழாயின் மேல்பகுதி ஒரு வெப்பத்திலும் நீரை ஒட்டிய கீழ்ப்பகுதி இன்னொரு வெப்பத்திலும் இருக்கும் நம் ஊர்த் துறைமுகத்தில் ஒரு டிகிரி என்பது பெரிய தவறே அல்ல.

அழுத்த உணரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வங்காள விரிகுடாவுக்கும் அதற்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. கடலடியில் வைத்த உணரி தன் தலைமேல் நிற்கும் நீரின் எடையை அளக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். எடையை உயரமாக்க நீரின் அடர்த்தி தெரிய வேண்டும். வழக்கமான கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் மழைக்காலத்தில் கொட்டும் நன்னீர், கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கிவருகிறது. அப்போது கிழக்குக் கரையின் நீர் உப்புக் குறைந்து லேசாகிறது. உப்பின் அளவு ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு குறைந்தால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் ஆறு கிலோ குறையும். நான்கு மீட்டர் ஆழத்தில் இருக்கும் உணரி, பழைய அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், கடலை 2 செ.மீ.க்கு மேல் தாழ்வாகக் காட்டும். உண்மையில் நீர் லேசானதால் அந்தப் பருவத்தில் கடல் உயர்ந்து நிற்கிறது. உயரும் நேரத்திலேயே அந்த உயர்வைக் கருவி குறைத்துச் சொல்கிறது.

புயலில் நடப்பது இன்னும் வியப்பானது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் திறந்த கடலில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயலின் நடுவில் அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால் கடல் 30 செ.மீ. எழும். காற்றின் எடை குறைந்தது, நீரின் எடை கூடியது. இரண்டையும் சேர்த்து அளக்கும் அடியிலுள்ள உணரிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு காற்றழுத்தமானி இல்லையென்றால் 30 செ.மீ. எழுச்சி பதிவில் வராமலே போகும்.

இன்றைக்குத் துறைமுகங்களில் பரவலாக வந்திருப்பது ரேடார். நீருக்கு மேலே கையை நீட்டியதுபோல் பொருத்தி, நுண்ணலையைக் கீழே அனுப்பி, திரும்பிவரும் நேரத்தைப் பார்க்கிறார்கள். காற்றின் வெப்பம் நுண்ணலையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நீரில் எதுவும் மூழ்கியிருக்க வேண்டியதில்லை, ஆகவே சிப்பியும் பாசியும் தொல்லையில்லை. ஆனால் ரேடாரின் கீழே ஒரு படகைக் கட்டிவிட்டால் கடல் திடீரென்று உயர்ந்ததாகப் பதிவு சொல்லும். பெரிய அலை அடிக்கும்போது சராசரி சற்று நழுவும். ஆகவே நல்ல நிலையங்களில் ரேடாரையும் அழுத்த உணரியையும் சேர்த்தே வைக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. மழைக்காலத்தில் மெதுவாக விலகினால், அந்த விலகலே நீரின் அடர்த்தி எவ்வளவு மாறியது என்று சொல்லிவிடும். அழுத்த உணரியின் குறையாக எண்ணியது, ரேடார் பக்கத்தில் இருக்கும்போது ஓர் அளவீடாகவே மாறிவிடுகிறது.

ஓதமானி சரியா என்று சோதிக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வான் டி காஸ்டீல் சோதனை. 1960களில் பிரெஞ்சுக் கடற்படையின் நீர்வரைபட அலுவலகத்தில் உருவானது. செலவு மிகக் குறைவு. ஒரு முழு ஓதச் சுற்று, அதாவது பன்னிரண்டரை மணி நேரம், பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் நீர்மட்டத்தை அளக்க வேண்டும்; கிணற்றுக்குள் மின்முனையுள்ள அளவு நாடாவை இறக்கி, நீரைத் தொட்டதும் எழும் ஒலியைக் கேட்டு எண்ணைப் படிப்பார்கள். ஓதமானி அதே கணத்தில் சொன்ன எண்ணிலிருந்து இதைக் கழித்துப் பிழையைக் கிடைக்கோட்டிலும், நீர்மட்டத்தை நிற்கும் கோட்டிலும் வைத்துப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். கருவி பழுதில்லாமல் இருந்தால் புள்ளிகள் சுழியத்தின்மேல் நேராக நிற்கும் ஒரு கோடாகும். நேர்க்கோடுதான், ஆனால் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறதென்றால் சுழியம் தவறு. கோடு சாய்ந்திருந்தால் அளவுகோலே தவறு, ஒலிமானியில் வெப்பத் திருத்தம் தவறியதுபோல. புள்ளிகள் ஒரு நீள்வட்டமாக வளைந்தால் கடிகாரம் தவறு: கடல் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் பிழை விழுவதால் அந்த வளையம். ஒரு தாளில் வரைந்த படத்தின் வடிவத்தை வைத்தே கருவியின் நோய் எது என்று சொல்லிவிடலாம். நவீன ரேடாருக்கும் இதே சோதனைதான் செய்கிறார்கள்.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நிற்கும் தரை அசைந்தால் எல்லாம் வீண். ஸ்டாக்ஹோமின் நெடும்பதிவில் கடல் நூற்றாண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. பனியுகத்தின் பனிப்பாறைச் சுமை நீங்கிய ஸ்காண்டிநேவிய நிலம் இன்னும் மேலே எழுந்துகொண்டிருப்பதே காரணம். இதற்கு மாறாக 2004 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. தெற்கே இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் போனது. அந்த இடங்களில் ஓதமானி கடல் உயர்ந்ததாகத்தான் சொல்லும். அங்கே வாழ்பவருக்கு அது முழு உண்மையும்கூட. நிலம் தாழ்ந்ததா, கடல் உயர்ந்ததா என்பது வீட்டுக்குள் தண்ணீர் வந்தவருக்கு வேறுபாடல்ல. உலகக் கடலின் அளவு கூடியதா என்று கேட்பவர்தான் இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இதனால்தான் ஒவ்வொரு ஓதமானிக்கும் அருகே பாறையிலோ உறுதியான கட்டடத்திலோ பெஞ்ச்மார்க் பதிக்கிறார்கள். சர்வேயர் ஆண்டுதோறும் வந்து, லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி, பெஞ்ச்மார்க்குக்கும் ஓதமானியின் சுழியத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று போதாது, பல பெஞ்ச்மார்க் இருந்தால்தான் எது அசைந்தது என்று தெரியும். இப்போது பெஞ்ச்மார்க்கின் அருகிலேயே ஜிபிஎஸ் வகை ஆன்டெனாவை நிரந்தரமாக வைத்து நிலத்தின் அசைவையும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுட்பத்தில் பார்க்க முடிகிறது. ஆனால் இது நீண்ட பொறுமையைக் கேட்கும் வேலை. ஓராண்டுப் பதிவில் எதுவும் தெரியாது.

1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் இந்தக் கதையை வானத்துக்குக் கொண்டுபோனது. 1336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கடலுக்கு அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளந்தது. துடிப்பின் பயணம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் ஒரு சென்டிமீட்டர் நுட்பம் வேண்டுமென்றால் நொடியை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் சுமார் 67 பங்கை அறிய வேண்டும். வழியில் வளிமண்டலம் வேறு துடிப்பைத் தாமதப்படுத்துகிறது. உலர் காற்றால் ஏறக்குறைய 2.3 மீட்டர் பிழை. நீராவியால் ஈரமான வெப்பமண்டலத்தில் சில பத்து சென்டிமீட்டர். அயனி மண்டலத்தால் இன்னும் கொஞ்சம். நீராவியை அளக்கத் தனியாக ஒரு நுண்ணலைக் கதிர்வீச்சுமானி, அயனி மண்டலத்துக்காக இரண்டு அலைவரிசைகள், செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதற்கு லேசர், ஜிபிஎஸ், தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகள். மீட்டர் கணக்கில் திருத்தங்களைச் செய்துவிட்டு மில்லிமீட்டரைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் திருத்தங்களில் ஏதாவது ஒன்று ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் நழுவினால் போதும்.

நழுவவும் செய்தது. டோபெக்ஸ் பதிவின் தொடக்க ஆண்டுகளில் கருவியின் கடிகாரத் திருத்தத்தில் ஒரு மென்பொருள் பிழை 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாவது நழுவல் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின. 1999 பிப்ரவரியில் டோபெக்ஸின் ரேடார் உயரமானியில் ஏ பக்க மின்னணுவியல் தரம் குறைந்ததால் மாற்றாக இருந்த பி பக்கத்துக்கு மாறினார்கள். ஏ பக்கம் வேலைசெய்த ஆறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை 2015இல் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் வாட்சன் குழு வெளியிட்டது. உலகெங்கும் கரையில் இருக்கும் ஓதமானிகளின் பதிவை எடுத்து, ஜிபிஎஸ் வழியே அவற்றின் நில அசைவைக் கழித்து, செயற்கைக்கோள் சொன்ன உயரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அந்த ஆறு ஆண்டுகளில் செயற்கைக்கோள் கடலைத் தொடர்ந்து கூடுதலாக உயர்த்திக் காட்டியிருந்தது. திருத்தியபோது 1993 முதல் அதுவரையிலான சராசரி வேகம் ஆண்டுக்கு 3.2 மி.மீ.யிலிருந்து 2.6 முதல் 2.9 வரை என்று குறைந்தது.

எண் குறைந்தது என்பதற்காக ஆறுதல் அடைய வழியில்லை. அதுவரை முதல் பத்தாண்டைவிட இரண்டாவது பத்தாண்டில் கடல் மெதுவாக உயர்ந்ததுபோல் தெரிந்தது; பனிப்பாறைகள் வேகமாக உருகுவதோடு அது பொருந்தவில்லை. தொடக்கத்தின் மிகையை நீக்கியதும் அந்தப் புதிர் மறைந்தது. உயர்வின் வேகம் கூடிக்கொண்டே போவது வெளிப்பட்டது. 2018இல் ஸ்டீவ் நெரம் குழு அந்த முடுக்கத்தை, ஆண்டுக்கு ஆண்டு 0.084 மி.மீ. என்று கணக்கிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் குழாய்க் கிணற்றிலிருந்து வளர்ந்துவந்த ஒரு வலைப்பின்னல், விண்வெளிக் கருவியைத் திருத்தியது. ஓதமானிகளைப் பழைய சரக்கு என்று கருதி நிதியைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஒரு வழக்கும் உண்டு. இதில் சாட்சிகள் மூன்று. கடல் உயர இரண்டு காரணங்கள்: நீர் சூடாகி விரிவது, நிலத்திலிருந்து பனி உருகி நீர் சேர்வது. விரிவை, உலகக் கடல்களில் மிதக்கும் ஏறக்குறைய நாலாயிரம் ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்பையும் அளந்து சொல்கின்றன. சேரும் நீரின் எடையை, 2002இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்களும் 2018இல் ஏவிய அவற்றின் தொடர்ச்சியும் ஈர்ப்பு விசையின் மாற்றத்திலிருந்து சொல்கின்றன. இரண்டையும் கூட்டினால் உயரமானி சொல்லும் மொத்த உயர்வு வர வேண்டும். 2016 வரை வந்தது. அதன் பிறகு கணக்கு இடித்தது. தேடியபோது ஆர்கோ மிதவைகள் சிலவற்றின் உப்பு உணரிகள் நழுவியிருந்தன. ஜேசன்-3 செயற்கைக்கோளின் நீராவி அளவியிலும் நழுவல் இருந்தது. மூன்று வழிகளும் தனித்தனியே இருந்திருந்தால் மூன்று நல்ல வரைபடங்கள் கிடைத்திருக்கும், பிழை கிடைத்திருக்காது.

செயற்கைக்கோளுக்குப் பெரிய குருட்டு இடம் கரைதான். ரேடாரின் தடத்தில் நிலம் புகுந்ததும் எதிரொலி குழம்புகிறது. மக்கள் வாழும் ஓரத்தில் கடைசிப் பத்து கிலோமீட்டர் நம்பத்தகாததாகிறது. 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோள் உயர்ந்த அலைவரிசையைப் பயன்படுத்தியதால் அதன் தடம் சிறியது, கரைக்கு இன்னும் அருகே அளக்க முடிந்தது. ஆனால் அதே அலைவரிசையை மழை எளிதில் தின்றுவிடும். அதன் அளவைச் சரிபார்க்க லட்சத்தீவின் கவரத்தியில் ஓதமானியோடு ஒப்பிட்டார்கள். இங்கும் சாட்சி தரையில்தான். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்களை வைத்து 120 கி.மீ. அகலப் பட்டையாகக் கடலைப் பார்க்கிறது.

சுனாமிக்குத் தேவைப்படும் துல்லியம் வேறு வகை. 2004இல் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக வங்காள விரிகுடாவின் மேலே போனது. திறந்த கடலில் சுமார் 60 செ.மீ. உயரமே இருந்த அலையை அளந்தது. ஆனால் அந்தத் தரவைச் செயல்முறைப்படுத்தி முடிக்கும்போது அலை கரையை எப்போதோ அடைந்துவிட்டிருந்தது. அன்றைக்கு இந்தியக் கரையின் ஓதமானிகளும் அலையைப் பதிந்தன, யாருக்கும் உடனே சொல்லவில்லை. 2007இல் ஹைதராபாத்தில் இன்காயிஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை மையம் தொடங்கியது. ஓதமானிகள் உடனுக்குடன் தரவை அனுப்பின. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடல் அடியில் அழுத்தப் பதிவிகளை இறக்கியது. ஆயிரக்கணக்கான மீட்டர் நீருக்கு அடியில் இருந்துகொண்டு, மேலே ஒரு மில்லிமீட்டர் நீர் கூடினால் உணரக்கூடிய குவார்ட்ஸ் உணரிகள் அவற்றில் இருக்கின்றன. அதே உணரியை நீண்டகாலக் கடல்மட்டத்துக்கு நம்ப முடியாது. அதன் சுழியம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வரை நகரலாம். தவிர, நீர் சூடாகி விரிவதால் எடை கூடாது என்பதால் அந்த உயர்வை அது பார்க்கவே பார்க்காது. அரை மணியில் நடப்பதற்கு நிகரற்ற கருவி, அரை நூற்றாண்டுக்கு உதவாது.

விண்வெளி நிறுவனங்கள் இதில் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுள்ளன. புதிய செயற்கைக்கோள் வந்ததும் பழையதை அணைப்பதில்லை. சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரெய்லிச் 2020 நவம்பரில் ஏவப்பட்டபின், ஜேசன்-3இன் அதே பாதையில் 30 நொடி பின்னால் ஓராண்டுக்கு மேல் பறந்தது. ஒரே கடலை இருவரும் பார்த்த பிறகே பொறுப்பு கைமாறியது. துறைமுகங்களிலும் இதுவே நடக்க வேண்டும். கப்பல்துறையை விரிவாக்கும்போது, பழைய தூணை இடிக்கும்போது, மிதவையை எடுத்து ரேடாரைப் பொருத்தும்போது இரண்டும் ஓராண்டாவது சேர்ந்து ஓட வேண்டும். அந்த ஓராண்டில் மட்டம் பார்த்த குறிப்புகளும் தரவோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும். இல்லையென்றால் நூறாண்டுப் பதிவு நடுவில் இரண்டு துண்டாகும், ஒட்டவைக்க எந்தச் சூத்திரமும் இல்லை.

செலவு குறைந்த ஒரு வழியும் இப்போது கைக்கு வந்திருக்கிறது. கடலோரத்தில் நில அசைவுக்காக வைத்த ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குச் செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் அலையும் கடல்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. வழக்கமாகத் தொல்லை என்று ஒதுக்கும் அந்த ஏற்ற இறக்கத்தின் அதிர்வெண்ணில் ஆன்டெனாவுக்கும் நீருக்கும் உள்ள உயரம் ஒளிந்திருக்கிறது. கொலராடோவில் கிறிஸ்டின் லார்சனும் ஸ்வீடனின் ஒன்சாலா ஆய்வகத்தினரும் இதை வளர்த்தெடுத்தார்கள். ஒரு தனி அளவில் சென்டிமீட்டர்களாகப் பிழை இருக்கும். தினசரி, மாதச் சராசரியில் அது வெகுவாகக் குறையும். நிலம் எவ்வளவு அசைந்தது, கடல் எவ்வளவு அசைந்தது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கம்பத்திலிருந்து, பூமியின் மையத்தை வைத்து, பதில் கிடைக்கிறது. நாகப்பட்டினம் போல அலையையும் ஆற்று நீரையும் படியும் மண்ணையும் ஒருசேரச் சந்திக்கும் கரையில், ரேடாரோடும் அழுத்த உணரியோடும் இந்த ஆன்டெனாவையும் சேர்த்துப் பத்து, இருபது ஆண்டு ஓட்டினால், டெல்டா எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது, கடல் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பதைத் தனித்தனியாகச் சொல்லிவிடலாம். கரைச்சுவரின் உயரம், வடிகால் மதகின் அடிமட்டம், உப்புநீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது அந்த இரண்டு தனித்தனி எண்களே.